பெல்ட் அறுந்த புதன்கிழமை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

வாத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி பொண்டாட்டியும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் கால் எப்படி இருக்கிறது? வெறுந்தரையில் நின்று துணி வெட்டாதே, கீழே ஒரு பாயாவது போட்டுக்கொள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நமக்கு மூன்றாவது நிமிஷம் சண்டை. அதுவும் போன ஜூலையில் நீ விழுந்ததற்கு அப்புறம் எடுப்பதே இல்லை. எடுத்தாலும், "மெஷின் ஓடுது, ஒண்ணும் கேக்கலை, வெச்சிடறேன்" என்கிறாய். நான் ஹாஸ்டலில் இருந்தபோது வாரம் தவறாமல் எழுதுவாயே, அந்தப் பழக்கத்தைத் தூசி தட்டலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் பஸ் டிப்போவில் மார்ச் மாதம் முழுக்க ஒரு நடை. தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும். தெரிந்தவர்கள் ஆளுக்கு ஏதோ தருவதாக ஒப்புக்கொள்வார்கள். அது அத்தனையும் விபத்தில் அடிபட்டு மறுபடி நடக்கப் பழகுகிறவர்களுக்கான ஒரு நிலையத்துக்குப் போகும். இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்தே ஊர் சுற்றுகிறவன் நான். ஸ்டீயரிங்குக்கும் என் தொப்பைக்கும் நடுவில் இப்போது ஒரு விரல்கூடப் போகாது. மேனேஜர் என் பெயரைத்தான் முதலில் எழுதினார்.

இதில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒவ்வொருவரும் குடும்பத்தில் ஒருவரை ஜோடி சேர்க்க வேண்டும். அவர்கள் எந்த ஊரிலும் நடக்கலாம், ஐயாயிரம் அடி போதும். உன் தம்பி பொண்டாட்டி, "வீட்டுக்குள்ள நான் நடக்கிற நடை உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். சின்னவளுக்குப் பரீட்சை. மிச்சம் இருப்பது நீதான். மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
வாத்து


ஜனவரி 27

என் அருமை வாத்துக்கு,

உன் கடிதம் வந்தது. உன் பொண்டாட்டிக்கும் சின்னவளுக்கும் என் அன்பைச் சொல். நான் சௌக்கியம். காலைப் பற்றி அடிக்கடி விசாரிக்காதே, அது நன்றாகத்தான் இருக்கிறது. "எலும்பு கூடிடுச்சும்மா, இனிமே ஓட்டப்பந்தயமே ஓடலாம்" என்று அக்டோபரிலேயே டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் நான் எதற்கடா இதிலெல்லாம்? பள்ளிக்கூட யூனிஃபார்ம் அறுபது செட் மேஜைமேல் குவிந்து கிடக்கிறது. காலையில் டேப்பைக் கழுத்தில் போட்டால் தூங்கப் போகும்போதுதான் கழற்றுகிறேன். நூல் வாங்க, பட்டன் வாங்க எல்லாவற்றுக்கும் மாடி வீட்டு டீச்சர்தான் போய் வருகிறார். இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவதும் அவர்தான். உறையைப் பார், ஸ்டாம்பை அளவெடுத்த மாதிரி நேராக ஒட்டியிருப்பார். நான் நேராக வெட்டுவதெல்லாம் துணியோடு சரி, என் ஸ்டாம்ப் எப்போதும் கோணல்தான் என்று உனக்குத் தெரியுமே.

நீ பத்தாயிரம் அடி நடப்பதை நினைத்துச் சிரித்ததில் ஊசி விரலில் ஏறிவிட்டது. ஆறு வயதில் நீ நடந்த நடைக்குத்தான் வாத்து என்று பெயர் வைத்தேன். இப்போது தொப்பையும் சேர்ந்தால் கண்கொள்ளாக் காட்சி.

வேறு எதற்காவது என்றால் முடியாது என்றிருப்பேன். நடக்க முடியாதவர்களுக்கு என்கிறாய். சரி, எழுதிக்கொள் என் பெயரை.

வேளைக்குச் சாப்பிடு, ஆனால் அளவாகச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 18

அன்பு அக்கா,

நலம், நலமே விழைவது. நீ சம்மதித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இதோ பார்சல் அனுப்பியிருக்கிறேன். உள்ளே வெள்ளை ஷூ ஒன்று. ஆஸ்பத்திரியில் உன் செருப்பு ஏழு நாள் கட்டிலுக்கு அடியில் கிடந்ததே, அந்த அளவு என் கண்ணிலேயே இருக்கிறது. கூடவே பட்டன் மாதிரி இருப்பது அடி எண்ணுகிற மீட்டர். இடுப்பிலும் மாட்டலாம், கணுக்காலிலும் கட்டலாம். வாரத்துக்கு ஒருமுறை எண்களை எனக்கு எழுது. டிப்போ போர்டில் உனக்கென்று ஒரு வரிசை போட்டிருக்கிறேன்.

நேற்று ஒத்திகை பார்த்தேன். டிப்போவை மூன்று சுற்று. என் கண்டக்டர் பின்னாலேயே வந்து, "அண்ணே, வலது பக்கம் ஒடிங்க, ஒடிங்க, ஆங் நேரா வாங்க" என்று பஸ்ஸுக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே வந்தான். மொத்த டிப்போவும் சிரித்தது. சிரிக்கட்டும்.

போன ஜூலையைப் பற்றி உனக்கு ஒன்று எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உன்
வாத்து


மார்ச் 7

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? சின்னவள் பரீட்சைக்கு உருப்படியாகப் படிக்கிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஷூ கச்சிதம். ஒரு இடத்தில்கூடக் கடிக்கவில்லை. எண்கள் இதோ: ஞாயிறு 140 (முதல் நாள், சாயங்காலம் வரை மீட்டரை மாட்ட மறந்துவிட்டேன்). திங்கள் 8,210. செவ்வாய் 9,060. புதன் 7,985. வியாழன் 9,400. வெள்ளி 8,730. என்ன, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாயா? உன் அக்காவைப் பற்றி என்ன நினைத்தாய்?

என்னிடம் துணி கொடுக்கிறவர்கள் ஏழு பேர் எனக்காகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அளவெடுக்கும்போது ஒவ்வொருத்தியும் மீட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா!" என்கிறாள். டீச்சர் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். முதல் வாரத்திலேயே வீரத்தைக் காட்டாதே.

உன் அக்கா


மார்ச் 12

அன்பு அக்கா,

நான் நலம், என் குதிகால் மட்டும் நலமில்லை. ரெண்டு கொப்புளம். உன் தம்பி பொண்டாட்டி, "நல்ல காரியத்துக்கு வந்த கொப்புளம், பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

உன் எண்களைப் போர்டில் எழுதினேன். டிப்போவே கூடிவிட்டது. ஐயாயிரம் கேட்டால் ஒன்பதாயிரம் நடக்கிறாய்! மேனேஜர், "உங்கக்காவுக்கு நம்ம டிப்போவுல ஒரு வேலை போட்டுக் குடுத்துடலாமா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அக்கா. தூசி விழுந்துவிட்டது என்று சமாளித்தேன்.

ஒரு கூத்தும் நடந்தது. மூன்றாம் தேதி பார்க்கிறேன், பஸ்ஸை விட்டு நான் இறங்கவே இல்லை, மீட்டரில் நாலாயிரம் அடி! மேடு பள்ள ரோட்டில் பஸ் குலுங்குகிற குலுக்கலை எல்லாம் இந்த முட்டாள் மீட்டர் நடை என்று எண்ணிக்கொள்கிறது. அன்றிலிருந்து வண்டியில் ஏறும்போது அதைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுவிடுகிறேன்.

நீ எந்த வழியாக நடக்கிறாய்? ஒவ்வொன்றாக எழுது. நான் இங்கே நடக்கும்போது நீயும் பக்கத்தில் நடப்பதாக நினைத்துக்கொள்வேன்.

உன்
வாத்து


மார்ச் 16

அன்புத் தம்பிக்கு,

கொப்புளத்தைக் கிள்ளாதே. சுத்தமான துணியால் சுற்றிக்கொண்டு நட.

பஸ் குலுங்கினதையெல்லாம் எழுதித் தொலைக்காதே. ஜனங்கள் நம்பிப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கழற்றி வைத்தாயே, அதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு.

வழி கேட்டாய். காலையில் ஆறரைக்குக் கிளம்புகிறேன். கேட்டைத் தாண்டி இடது பக்கம். கரண்ட் கம்பம், அப்புறம் பச்சை வீடு, அப்புறம் தெருமுனை. மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே, "வாங்கம்மா, இன்னிக்கும் ஆஜரா?" என்பார். நானும் ஒரு வணக்கம் போடுவேன். தபால் பெட்டியைத் தாண்டி பஸ் ஸ்டாப், பூங்கா. பூங்காவை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவேன். காற்று ஜில்லென்று இருக்கிறது.

எண்கள்: சனி 7,900. ஞாயிறு 85 (தலைவலி). திங்கள் 9,340. செவ்வாய் 8,870. புதன் 96. வியாழன் 10,205. வெள்ளி 9,015. சனி 7,400. ஞாயிறு 110.

வேலைதான் இந்த வாரம் கெட்டது. புதன்கிழமை காலையில் உட்கார்ந்த உடனே மெஷின் பெல்ட் அறுந்துவிட்டது. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டுப் புதுசு வாங்கி வருவதற்குள் இருட்டிவிட்டது. வியாழக்கிழமை ரெண்டு நாள் வேலையைச் சேர்த்து மிதித்தேன்.

ஜூலையைப் பற்றி என்னவோ எழுதப்போகிறேன் என்றாயே?

உன் அக்கா


மார்ச் 23

அன்பு அக்கா,

எல்லோரும் நலம். உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. எண்களைப் போர்டில் எழுதுவதற்குச் சாக்பீஸோடு போய் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

பெல்ட் அறுந்த புதன்கிழமை உன் காலும் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு உறை போட்டு மூடுவாய், அன்றும் நின்றுவிடுகிறது. ரெண்டு நாள் வேலையைச் சேர்த்து மிதித்த அன்றைக்குப் பத்தாயிரம். பஸ் குலுங்கினால் எண்ணுகிற மீட்டர், கணுக்காலில் கட்டிக்கொண்டு மெஷினை மிதித்தால் எண்ணாமலா இருக்கும்?

கோபம் இல்லை அக்கா, சத்தியமாக இல்லை. உன்னைக் கேள்வி கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் பொய் உன்னுடையதைவிடப் பெரிசு. அதைத்தான் எழுத வேண்டும் என்று ஜனவரியிலிருந்து நினைக்கிறேன்.

ஜூலை பதினேழாம் தேதி நான் வந்து உன்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவதாக இருந்தது. வழியில் வண்டி ரிப்பேர், வர முடியவில்லை என்று சொன்னேன். வண்டி ரிப்பேர் ஆகவே இல்லை. நான் கிளம்பவே இல்லை. கூட வேலை செய்கிறவர் கேட்டார் என்று ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்துவிட்டேன். அக்காதானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ தனியாகக் கிளம்பினாய். தெருமுனையில் விழுந்தாய்.

ஒவ்வொரு நாளும் பத்தாயிரம் அடியிலும் இதையேதான் நினைத்துக்கொண்டு நடக்கிறேன். நீ மறுபடி வெளியே நடந்துவிட்டால் என் மனசு கொஞ்சம் ஆறும் என்றுதான் உன்னை ஜோடி சேர்த்தேன். அதிலும் என் சுயநலம்தான்.

உன்னைத் தனியாக அனுப்பிய
தம்பி


ஏப்ரல் 3

அக்கா,

பதினோரு நாளாகப் பதில் இல்லை. டீச்சருக்குப் போன் பண்ணினேன். "நல்லா இருக்காங்க. சாப்பிடறாங்க, தைக்கிறாங்க. உங்க பேரை எடுத்தா மட்டும் கத்திரிக்கோலைத் தேடறாங்க" என்றார். சரி, உயிரோடுதான் இருக்கிறாய்.

நான் முப்பத்தோரு நாளும் நடந்து முடித்துவிட்டேன். கடைசி நாள் டிப்போவில் எல்லோரும் கைதட்டினார்கள். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. போர்டில் உன் வரிசை பாதியில் நிற்கிறது. கேட்டவர்களிடம் தபால் தாமதம் என்று இன்னொரு பொய் சொன்னேன். இந்த வாய் திருந்தாது போலிருக்கிறது.

திட்டி எழுது. வெறும் காகிதத்தை மடித்து அனுப்பினாலும் போதும்.

வாத்து


ஏப்ரல் 6

டேய் வாத்து,

பயந்துவிட்டாயா? நல்லா வேணும். நான் நலம். நீ நடந்து முடித்தது எனக்கு எவ்வளவு பெருமை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுகிறேன்.

வண்டி ரிப்பேர் கதை எனக்கு அப்போதே தெரியும். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நீ என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாய். உன் பொண்டாட்டி அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். போனில் உன் குரலைக் கேட்டால் நானே கேட்டுத் தொலைத்துவிடுவேன் என்றுதான் போனை எடுக்கவில்லை. ஒரு ஷிஃப்டுக்காக ஒன்பது மாதம் அடைகாத்திருக்கிறாயே, பைத்தியக்காரா. வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். விழுந்து கிடந்தபோது அத்தனை பேர் குனிந்து பார்த்தார்கள். நான் அதில் உன் முகத்தைத் தேடினேன். ஆனால் தம்பி, நீ வந்திருந்தாலும் அந்தப் பள்ளத்தில் என் கால் போயிருக்கும். நீ என்ன ரோடு போடுகிறவனா?

இப்போது என் கதை. நீ கண்டுபிடித்தது அத்தனையும் சரி. ஷூ டப்பாவிலேயே இருக்கிறது, உள்ளே சுருட்டி வைத்த காகிதத்தைக்கூட எடுக்கவில்லை. அதுதான் கடிக்கவில்லை. அக்டோபரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து நான் கேட்டைத் தாண்டவில்லை. அன்றும் வாசலில் கார் ஏறி வாசலில் இறங்கினேன். கேட்டில் கை வைத்தால் ரோடு எழுந்து முகத்துக்கு வருவதுபோல் இருக்கிறது. கால் நடுங்கவில்லை, எனக்குத்தான் நடுங்குகிறது. முதல் திங்கட்கிழமை மீட்டரைக் கட்டிக்கொண்டு கேட் வரை போனேன், திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தேன். கழற்ற மறந்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் எட்டாயிரம். உனக்கு அதை எழுதினால் எவ்வளவு சந்தோஷப்படுவாய் என்று தோன்றிவிட்டது. அவ்வளவுதான்.

பெயர் கொடுத்த ஏழு பேரையும் கூப்பிட்டு, "நான் நடக்கலை, மிதிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். மானம் போய்விட்டது. ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்: "அப்ப எம்பொண்ணு யூனிஃபார்ம்லயே நாலாயிரம் அடி இருக்கா!" எல்லோருமாகச் சேர்ந்து, "போனது போகட்டும், இனிமே நடங்க, அப்பத் தர்றோம்" என்கிறார்கள். தப்பிக்கவே விடமாட்டார்கள் போலிருக்கிறது.

ஏழாம் தேதி: ஷூ போட்டேன். கேட் வரை. திரும்பிவிட்டேன்.

எட்டாம் தேதி: கேட்டைத் தாண்டிக் கரண்ட் கம்பம் வரை. நாற்பது அடி. கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீச்சர் மாடியிலிருந்து பார்த்தும் பார்க்காத மாதிரி துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் தேதி: டீச்சர் வந்து, "லெட்டரைக் குடுங்க, போற வழியில போட்டுடறேன்" என்று கை நீட்டினார். கொடுக்கவில்லை. அவர் கையை இழுத்துக்கொண்டு, "ஸ்டாம்பாவது ஒட்டித் தரட்டுமா?" என்றார். அதுவும் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆகவே தம்பி, இந்தக் கடிதம் உன் கைக்கு வராமல் போனால், தொலைந்துபோனதாக நினைக்காதே. என் மேஜைமேல்தான் இருக்கும். வந்தால் நீயே தெரிந்துகொள்.

கொப்புளம் ஆறிவிட்டதா?

உன் அக்கா


ஏப்ரல் 18

என் அக்காவுக்கு,

கிடைத்தது.

நேற்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். சின்னவள், "அத்தை லெட்டர்" என்று நீட்டினாள். ஸ்டாம்ப் கோணலாக, பாதி உறையை விட்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பிரிக்காமலே அழ ஆரம்பித்துவிட்டேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் உன் தம்பி பொண்டாட்டியும் கூட உட்கார்ந்து அழுதாள். அப்புறம் மூன்று பேருமாகப் படித்தோம். நான் மறுபடியும் அழுதேன். அவளோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை, பயப்படாதே.

ஒன்பதாம் தேதி எழுதி முடித்திருக்கிறாய். தபால் முத்திரை பதினான்கு என்கிறது. நடுவில் இருக்கிற ஐந்து நாளைப் பற்றி நான் கேட்கவே மாட்டேன்.

உறையின் பின்பக்கம் பென்சிலால் நீ கிறுக்கியிருந்ததைத்தான் நூறு தடவை படித்துவிட்டேன். "மருந்துக்கடை போய் ஏழு மாசமாச்சாம்டா. அங்கே இப்போ சலூன். நான் தினமும் யாருக்கு வணக்கம் போட்டேன்? 612." தபால் பெட்டியின்மேலே வைத்துத்தான் எழுதியிருப்பாய், எழுத்து அப்படி மேடும் பள்ளமுமாக இருக்கிறது.

இன்று காலை டிப்போவில் போர்டுக்குப் போய் உன் வரிசையை முழுக்க அழித்தேன். கண்டக்டர் பதறிப்போய், "அண்ணே, ஒன்பதாயிரத்தையெல்லாம் அழிச்சிட்டு அறுநூறு எழுதறீங்களே!" என்றான். நடந்ததை மேனேஜரிடமும் அவனிடமும் சொன்னேன், என் ஷிஃப்ட் கதையையும் சேர்த்து. மேனேஜர் சாக்பீஸை வாங்கி அந்த 612-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். போர்டை யாரும் அழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை எனக்கு லீவு. ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ரெண்டு பேர் கேட்டார்கள், ரெண்டு பேருக்கும் முடியாது என்று சொல்லிவிட்டேன். கண் டாக்டரிடம் பதினோரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பத்து மணி பஸ்ஸில் வந்து உங்கள் தெருமுனையில் நிற்பேன்.

அங்கிருந்து வீட்டுக்கு எனக்கு வழி தெரியாது என்று வைத்துக்கொள். வந்து கூட்டிக்கொண்டு போ.

உன்
வாத்து